வால்வு மாற்றியாச்சு... ஐஎன்ஆர் பார்த்தாச்சா?

2025 ஜூலை முதல் வாரம். ஹாசன் மாவட்டத்தில் நாற்பது நாளுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாரடைப்பில் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியதும், பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர ஆரம்பித்தது. ஒரு வலியும் இல்லாத இளைஞர்கள்கூட ஈசிஜி எடுக்க வந்து நின்றார்கள். ஜெயதேவா இயக்குநர் தலைமையிலான குழு ஆராய்ந்து, மரணங்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகவில்லை என்று அறிக்கை கொடுத்தது. கூட்டமும் மெல்லக் கரைந்தது. 2021 அக்டோபரில் நடிகர் புனீத் ராஜ்குமார் திடீரென்று இறந்தபோதும் இதே மருத்துவமனை இதே கூட்டத்தைப் பார்த்தது.

மாரடைப்பு என்றால் ஊர் பதறும். ஆனால் அதே மருத்துவமனையில் இன்னொரு வரிசை வருஷம் முழுக்க நிற்கிறது. அதைப் படம்பிடிக்க எந்த கேமராவும் வருவதில்லை. கோலார், ராமநகரம் பக்கத்தவர்களோடு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களும் அந்த வரிசையில் உண்டு. பாதிக்கு மேல் பெண்கள். பலருக்கு வயது முப்பது, நாற்பதுதான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடங்கிக் கசங்கிய எக்கோ ரிப்போர்ட்டுகள். இவர்களுக்கு இருப்பது வால்வு நோய். இவர்கள் பயப்பட வேண்டியது நெஞ்சுவலிக்கு மட்டுமல்ல. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டு, வாய் கோணி, பேச்சு குழறி நிற்பதற்கும் இவர்கள் பயப்பட வேண்டும். கோளாறு இதயத்தில், அடி விழுவது மூளையில்.

இந்தக் கதை பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில் தொடங்குகிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் ஒரு தொண்டை வலி, காய்ச்சல். காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. கஷாயமோ பாராசிட்டமாலோ கொடுத்ததும் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கி வலிக்கும்; இன்று முட்டி, நாளை கணுக்கால் என்று இடம் மாறும். கிருமியை அழிக்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த இதய வால்வையே தாக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. வருமுன் காக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி இருக்கிறது, விலையும் சொற்பம். ஆனால் நோயே தெரியாதவர்களுக்கு யார் ஊசி போடுவது? நெருக்கமான வீடுகள், அடிக்கடி வரும் தொண்டைப் புண், தூரத்தில் மருத்துவர் என்ற மூன்றும் சேரும் இடத்தில் இது செழிக்கிறது. உலகம் முழுக்க ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்த ருமாட்டிக் இதய நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பணக்கார நாடுகள் இதைக் கிட்டத்தட்ட மறந்தே போயின. அதனால் மருந்துக் கம்பெனிகளும் மறந்துபோயின. 2018இல்தான் உலக சுகாதாரப் பேரவை இதற்கென்று ஒரு தீர்மானம் போட்டது.

நம் ஊரில் நோய் வெளிப்படுவது பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதில். பெண்களுக்குப் பல சமயம் முதல் பிரசவத்தின்போது. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. சுருங்கிப்போன வால்வு அவ்வளவையும் கடத்த முடியாமல் திணறும். ‘மாடி ஏறினா மூச்சு வாங்குது’ என்பதைக் கர்ப்பக் களைப்பு என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

<b>கட்டி எங்கே உருவாகிறது?</b>

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. அது சுருங்கினால் மேலறையில் ரத்தம் தேங்கும். அறை பலூன் போல விரியும். அதன் ஓரத்தில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்கிய ரத்தம் அந்தப் பைக்குள் சுழன்று நின்று, மெல்ல உறைந்து கட்டியாகிறது. எக்கோ திரையில் அது கட்டியாவதற்கு முன்பே சுருள் சுருளாகப் புகை போலத் தெரியும். மருத்துவர்களும் அதை ‘ஸ்மோக்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தை ரிப்போர்ட்டில் இருந்தால் அலட்சியம் கூடாது.

விரிந்த மேலறை ஒரு கட்டத்தில் தாளம் தப்பும். சீராகச் சுருங்காமல் துடிதுடிக்கும். இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒழுங்கே இல்லாமல் அடிக்கும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1978இல் ஒரு கணக்கைச் சொன்னது: வால்வு நோய் இல்லாமல் இந்தத் தாளப் பிசகு மட்டும் இருந்தால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல், ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்து வந்தால் 17 மடங்கு. உறைகட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து ரத்தத்தோடு கிளம்பினால் அது போகும் முதல் பெரிய பாதைகளில் ஒன்று மூளைக்குப் போவது. குடலுக்கோ காலுக்கோ போய் அடைத்தாலும் ஆபத்துதான். ஆனால் மூளைக்குக் காத்திருக்க நேரமில்லை.

தாளம் தப்பினால்தானே கட்டி, நமக்குத் துடிப்பு சீராக இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஜெயதேவாவிலிருந்தே ஒரு பதில் உண்டு. டாக்டர் சி.என்.மஞ்சுநாத்தும் அவருடைய குழுவினரும், கடுமையான மைட்ரல் சுருக்கம் இருந்தும் துடிப்பு சீராகவே இருந்த 848 பேருக்குத் தொண்டை வழியாக எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். 56 பேரின் இடது மேலறையில் கட்டி இருந்தது. அதாவது பதினைந்து பேரில் ஒருவருக்கு. வயது 44ஐத் தாண்டியவர்கள், மேலறை மிகவும் விரிந்தவர்கள், திரையில் அடர்த்தியாகப் புகை தெரிந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து கூடுதல் என்று 2011இல் வெளியிட்டார்கள். (அதே மஞ்சுநாத்தான் 2024இல் பெங்களூரு ஊரகத் தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனவர். வாக்காளர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் ஜெயதேவாவில் பலூன் வைத்துக்கொண்டவர்களின் குடும்பங்கள் அந்தத் தொகுதியில் நிச்சயம் உண்டு.)

பலூன் என்றால், தொடை வழியாக ஒரு குழாயை இதயத்துக்குள் செலுத்தி, நுனியிலுள்ள பலூனை ஊதி, ஒட்டிக்கொண்ட வால்வு இதழ்களைப் பிரித்துவிடும் சிகிச்சை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியர் கான்ஜி இனோவே கண்டுபிடித்தது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். ஏழை நாட்டுக்கென்றே செய்த சிகிச்சை மாதிரி. இதைச் செய்வதில் ஜெயதேவா நாட்டின் முன்னணி மையங்களில் ஒன்று. ஆனால் பலூனுக்கு முன்னால் தொண்டை வழி எக்கோ அவசியம். மேலறையில் கட்டி கிடக்கும்போது குழாய் அதன்மேல் பட்டால் சிகிச்சையே பக்கவாதத்தைக் கொண்டுவந்துவிடும். கட்டி இருந்தால் சில மாதம் மாத்திரை கொடுத்துக் கரைத்த பிறகுதான் பெரும்பாலும் பலூன். ‘தேதி கொடுத்துட்டு இழுத்தடிக்கிறாங்க’ என்று கோபப்படும் குடும்பங்களுக்கு இந்தக் காரணத்தை யாராவது உட்கார வைத்துச் சொன்னால் நல்லது.

<b>உலோக வால்வும் அதன் சத்தமும்</b>

பலூனால் முடியாத அளவுக்கு வால்வு கெட்டுப்போயிருந்தால் மாற்ற வேண்டும். இளம் வயதினருக்குப் பெரும்பாலும் உலோகத்தாலான செயற்கை வால்வு. திசு வால்வு பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துவிடும். இந்தியாவின் சொந்த வால்வு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவானது. முந்தைய மாதிரிகள் தோற்ற பிறகு, 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிரஷர் குக்கரால் நமக்குத் தெரிந்த சென்னை டிடிகே குழுமம் அதைத் தயாரிக்கிறது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களில் அது துடித்திருக்கிறது. வெளிநாட்டு வால்வை வாங்க வழியில்லாத எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றிய சாதனை.

ஆனால் எந்த நாட்டுச் செயற்கை வால்வானாலும் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான். அதன்மேல் உறையப் பார்க்கும். அதனால்தான் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. நிறுத்தினால் இரண்டு ஆபத்து: கட்டி பிய்ந்து மூளைக்குப் போகலாம், அல்லது வால்வின் தட்டே அசையாமல் சிக்கிக்கொள்ளலாம். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு ராத்திரி நிசப்தத்தில் ‘டிக் டிக்’ என்று நெஞ்சுக்குள்ளிருந்து கேட்கும். பக்கத்தில் படுப்பவருக்கும் கேட்கும். ஆரம்பத்தில் தூக்கம் கெடும், பிறகு பழகிவிடும். அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது வால்வு சிக்கியதன் அடையாளமாக இருக்கலாம். கட்டியைக் கரைக்கும் ஊசியோ மறு அறுவையோ அவசரமாகத் தேவைப்படும்.

<b>எலி மருந்தில் பிறந்த மாத்திரை</b>

வார்ஃபரின், அதன் தம்பி அசினோகூமரால். நம் பக்கம் அசிட்ரோம் என்ற பெயரில் அதிகம் புழங்குவது இரண்டாவதுதான். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் லிங்க் குழு அந்த ரசாயனத்தைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அது கொடுக்கப்பட்டதும் அதன் மரியாதை உயர்ந்தது.

எலியைக் கொல்வது, மனிதரைக் காப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் இருப்பது அளவுதான். அந்த அளவைச் சொல்வது பிடி ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. மருந்து சாப்பிடாதவருக்கு அது ஒன்றை ஒட்டி இருக்கும். மைட்ரல் சுருக்கமும் தாளப் பிசகும் உள்ளவருக்கு இரண்டிலிருந்து மூன்று. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை. கீழே போனால் அடைப்பால் பக்கவாதம். மிக மேலே போனால் மூளைக்குள் ரத்தக் கசிவு. ஒருவருக்கு 2 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 6 வேண்டியிருக்கும். ஒரு நாள் இரண்டு, மறுநாள் மூன்று என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கு இதை விளக்குவது சாதாரண வேலையில்லை.

இந்த மாத்திரை பற்றி நம் வீடுகளில் புழங்கும் அறிவுரையில் பாதி தப்பு. ‘கீரையைத் தொடாதே’ என்பது முதல் தப்பு. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் பிரச்சினை கீரையில் இல்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த மாதம் சுத்தமாக இல்லை என்று மாறுவதில்தான். வாரத்துக்கு இரண்டு நாள் கீரையோ கர்நாடகத்துக் கீரைக் குழம்பான சொப்பின சாறோ சாப்பிடுபவர் எப்போதும் அப்படியே சாப்பிட்டால், அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தப்பு இதைவிடக் கொடியது: மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக். வயிற்றில் ரத்தக் கசிவை வரவழைக்கும் கூட்டணி அது. வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். எதில் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடியும் லேகியமும் தனிக் கதை. மூன்றாவது, பல் பிடுங்கப் போகும்போது யாரையும் கேட்காமல் ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துவது. ஐஎன்ஆர் சரியான அளவில் இருந்தால் சாதாரணப் பல் பிடுங்கலுக்கு மாத்திரையை நிறுத்த வேண்டியதே பெரும்பாலும் இல்லை. செயற்கை வால்வு உள்ளவர் பல் வேலைக்கு முன் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆன்டிபயாடிக். கிருமி வால்வில் குடியேறினால் அதுவும் மூளைக்குத் துணுக்குகளை அனுப்பும்.

<b>புது மாத்திரை ஏன் தோற்றது?</b>

ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. டபிகாட்ரன், ரிவராக்சபன், அபிக்சபன். கீரைப் பிரச்சினை இல்லை, மாதாமாதம் ஊசிக் குத்தல் இல்லை. வால்வு சுருக்கம் இல்லாத, தாளப் பிசகு மட்டும் உள்ள முதியவர்களுக்கு அவை அருமையாக வேலை செய்கின்றன. அவர்களுக்கு வேலை செய்வது இவர்களுக்கும் செய்யாதா என்ற எண்ணம் இயல்புதான்.

செய்யவில்லை. உலோக வால்வு உள்ளவர்களுக்கு டபிகாட்ரன் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அடைப்பும் கூடியது, ரத்தக் கசிவும் கூடியது, பாதியிலேயே நிறுத்தினார்கள். 2013இல் முடிவு வெளியானது. அதைவிட நமக்கு முக்கியமானது 2022 ஆகஸ்டில் வந்த ‘இன்விக்டஸ்’ ஆய்வு. ருமாட்டிக் நோயும் தாளப் பிசகும் சேர்ந்த நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், 24 நாடுகள். முடிவை எழுதியவர்களில் இரண்டாவது பெயர் டெல்லி எய்ம்ஸின் டாக்டர் கணேசன் கார்த்திகேயன். ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது ஐம்பது. நூற்றுக்கு 72 பேர் பெண்கள். பழைய மாத்திரையை ரிவராக்சபன் வென்றுவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். அடைப்பால் வந்த பக்கவாதம் ரிவராக்சபன் பக்கத்தில் 74, பழைய மாத்திரைப் பக்கத்தில் 48. மரணம் 552, எதிரே 442. பழைய மாத்திரையால் ரத்தக் கசிவு அதிகமாகும் என்ற பயமும் நிரூபணமாகவில்லை. இத்தனைக்கும் அந்தப் பக்கத்தில் ஐஎன்ஆர் எல்லோருக்கும் கச்சிதமாக இருந்ததும் இல்லை. எந்த நேரத்தில் பார்த்தாலும் நூற்றுக்கு 56 முதல் 65 பேருக்குத்தான் சரியான அளவில் இருந்தது.

ஏன் இப்படி? மரணங்களில் பெரிய வித்தியாசம் வந்தது பக்கவாதத்தால் அல்ல, இதயச் செயலிழப்பாலும் திடீர் மரணத்தாலும். அதற்கு உறுதியான விளக்கம் இன்னும் இல்லை. ஒரு ஊகம் மட்டும் என்னை விடுவதாக இல்லை: பழைய மாத்திரைக்காரர்கள் மாதாமாதம் ரத்தம் கொடுக்க வந்தாக வேண்டும். வந்தபோது ஒரு நர்ஸோ டாக்டரோ அவர்களைப் பார்த்தார்கள். கால் வீக்கத்தைக் கவனித்தார்கள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார்கள். தொல்லை என்று நாம் நினைத்த அந்த மாதாந்திர நடையே மருந்தாகவும் இருந்திருக்கலாம். நிரூபணமாகாத ஊகம்தான். ஆனாலும், ‘பரிசோதனை வேண்டாத மாத்திரைக்கு மாத்திக்கலாமா?’ என்று கேட்கும் மைட்ரல் சுருக்கக்காரருக்கு இன்றைய பதில் தெளிவு: வேண்டாம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை இந்தப் பழைய மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். நிறுத்தினால் வால்வு அடைக்கும். மருந்தின் அளவு குறைவாக இருந்தால் தொடர்வதா, ஹெப்பாரின் ஊசிக்கு மாறுவதா என்பதைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். நடப்பதோ வேறு. நெஞ்சுத் தழும்பை மறைத்துக் கல்யாணம், மாத்திரையை மறைத்துக் குடித்தனம், நாள் தள்ளிப்போனதும் பயந்துபோய்த் தானாகவே மாத்திரையை நிறுத்துவது. இந்த மௌனத்துக்கு எந்த மருத்துவமனையிலும் சிகிச்சை இல்லை. மாமியார் வீட்டில்தான் இருக்கிறது.

<b>சில்க் போர்டு சிக்னலில் கரையும் நிமிடங்கள்</b>

பக்கவாதம் வந்தேவிட்டால்? முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா என்ற மூன்றையும் பார்த்து, ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். புறா ரத்தம் தடவும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அங்கே போகும் மணி நேரம் திரும்பி வராது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

வால்வு நோயாளிக்கு அதிலும் ஒரு சிக்கல். அவர் ஏற்கெனவே உறைதலைத் தடுக்கும் மாத்திரையில் இருப்பவர். ஐஎன்ஆர் 1.7க்கு மேல் இருந்தால் அந்த ஊசியைப் போட முடியாது. அப்போது மிஞ்சுவது, குழாய் செலுத்திக் கட்டியை மூளைக் குழாயிலிருந்து நேரடியாக இழுத்தெடுப்பது. பெரிய குழாய் அடைத்திருந்தால் ஆறு மணி நேரத்துக்குள், சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை. அந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கோ அப்படிப்பட்ட வேறு மையத்துக்கோ போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும் என்று பெங்களூருக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் கிளம்பும்போதே போன் செய்து, அங்கே குழாய் வழி சிகிச்சை இருக்கிறதா என்று கேட்பது நேரத்தை மிச்சம் பிடிக்கும். பாக்கெட்டில் ஒரு அட்டை இருக்க வேண்டும்: என்ன வால்வு, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு. பேச்சே போய்விட்ட நோயாளிக்காகப் பேசப்போவது அந்த அட்டைதான்.

2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதை, பொம்மசந்திராவையும் ஜெயதேவாவையும் இணைத்துவிட்டது. ஓசூரிலிருந்து மாதாமாதம் வருபவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வெறும் ஐஎன்ஆர் பார்க்க ஒருவர் மாநிலம் தாண்டி ஏன் வர வேண்டும்? பரிசோதனைக்குச் செலவு சில நூறு ரூபாய்; உண்மையான செலவு பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும். லட்சக்கணக்கில் ஆகும் வால்வு அறுவைக்கு இரண்டு மாநிலங்களிலும் அரசுக் காப்பீடு இருக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு ஆயுள் முழுக்கத் தேவைப்படும் பரிசோதனைக்கு அந்தக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உதவுவதில்லை. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை: வால்வுக்குப் பணம் கொடுக்கும் அரசு, அந்த வால்வு அடைத்துப் படுத்த பிறகு பக்கவாத சிகிச்சைக்கும் பணம் கொடுக்கும், நடுவில் இரண்டையும் தடுக்கும் சில நூறு ரூபாய்க்கு மட்டும் கை வராது.

வீடு தேடிப் போய் பிபியும் சுகரும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். பெங்களூருக்கு வந்து போகும் வால்வு நோயாளிகளின் ஊர்ப்பக்கம்தான் அது. கர்நாடகமும் ‘கிருஹ ஆரோக்ய’ என்று அதே பாதையில் கிளம்பியிருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடத்தில் ஐஎன்ஆர் சொல்லும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. வட்டாரத்துக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை வைத்து, அளவு மாற்றுவதைப் பெரிய மருத்துவமனை போனிலேயே சொல்லும்படி இரண்டு அரசுகளும் ஏற்பாடு செய்யலாம், செய்ய வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டிலோ தெருவிலோ வால்வு மாற்றியவரோ பலூன் வைத்தவரோ இருந்தால், அவருடைய ஐஎன்ஆர் நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கடைசித் தேதி ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் நாளைக் காலையே ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போங்கள்.